காந்திமதி வாங்கிய முன்னூறு ஏ

காந்திமதிக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று இரும்புலியூரில் பலரும் நம்பியதற்குக் காரணம் அவள் கணவன் முனிரத்தினம். தொண்ணூற்றிரண்டில் அவள் தாம்பரத்தில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு முடித்து ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு வந்தாள். அவன்தான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி ஆணி அடித்து மாட்டினான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன் அவன். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைக் காட்டுவான்.

அந்தப் படிப்பு எப்படி நடந்தது என்பது காந்திமதிக்கு மட்டும்தான் தெரியும். ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மூன்று கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஐந்தாறு பேர். காந்திமதி கம்ப்யூட்டரைப் பார்த்ததெல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளுக்கு மேலாக எட்டித்தான். மற்ற நேரமெல்லாம் கரும்பலகையில் கட்டமும் அம்புக்குறியும் போட்டுக் கொடுப்பார்கள். அவளுக்குக் கையெழுத்து அழகு. கட்டங்களை ஸ்கேல் வைத்து அச்சடித்தது போல வரைந்தாள். முதல் வகுப்பில் தேறினாள். அந்த வருஷம் சேர்ந்த எல்லோருமே முதல் வகுப்பில்தான் தேறினார்கள்.

அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆபீஸ் கிளார்க் வேலை கிடைத்தது. ஃபீஸ் ரசீது, டி.சி., பரீட்சை முடிந்தால் வகுப்பு வகுப்பாக மார்க் லிஸ்ட், எல்லாம் அவள் கையால்தான். மார்ச் மாதத்தில் கட்டைவிரல் மரத்துப் போய், சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவாள்.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் எலியேசர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடு வேய்ந்த கட்டடத்தில் நாலு வகுப்போடு தொடங்கி பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்திருந்தார். தொண்ணூற்றெட்டு முடிகிற சமயத்தில் காந்திமதியின் மகளுக்குச் சடங்கு சுற்றினார்கள். எலியேசர் ஒரு எவர்சில்வர் குடத்தோடு வந்தார். முனிரத்தினம் வழக்கம்போல அவரைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போனான். எலியேசர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சான்றிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார்.

"இவ்வளவு நாள் சொல்லவே இல்லியேம்மா" என்றார்.

காந்திமதி சிரித்து வைத்தாள். பந்திக்கு இலை போட்டாகிவிட்டது, சாம்பார் வாளி அவள் கையில் இருந்தது. அப்போது வேறு என்ன செய்ய முடியும்?

பொங்கல் விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று எலியேசர் அவளைக் கூப்பிட்டார். கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் மார்க் லிஸ்ட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிறார்களாம். நம் பள்ளிக்கும் ஒன்று வாங்கிவிடலாம். ஆடம்பரமாக வேண்டாம், ரசீது, மார்க் லிஸ்ட், நாலு கடிதம், இதற்குப் போதுமானதாகப் பார்த்தால் சரி. "எதை வாங்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்கம்மா. படிச்சவங்க நீங்க இருக்கும்போது நான் யாரைப் போய்க் கேக்கறது?"

கணக்கு வாத்தியார் பத்ரிநாராயணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் பத்திரிகைகள் படிக்கிறவர். "பிராசசர் என்னன்னு முதல்ல முடிவு பண்ணிக்கணும் மேடம். அதான் மூளை. மத்ததெல்லாம் கை கால் மாதிரி" என்றார். "பென்டியம் டூ போயிடுங்க. யோசிக்கவே வேண்டாம்."

பிராசசர் என்ற சொல்லைப் படிப்பில் கேட்ட ஞாபகம் இருந்தது. கரும்பலகையில் நடுவில் இருந்த கட்டம் அது. அதன் மேல் ஓர் அம்பு வந்து சேரும், இன்னோர் அம்பு வெளியே போகும். அந்தக் கட்டத்தைக் கடையில் போய் விலை கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்த வாரம் பத்ரிநாராயணனே பேச்சை மாற்றினார். "பென்டியம் டூ நமக்கு ஓவர்தான் மேடம். செலரான்னு ஒண்ணு போட்டிருக்கான். அதே கம்பெனி, சிக்கன மாடல்." இரண்டு நாள் கழித்து, "கே சிக்ஸ் டூன்னு வேற கம்பெனிது ஒண்ணு இருக்கு, அதுவும் நல்லாத்தான் சொல்றாங்க." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. புதிதாக எதைப் படித்தாலும் அதை நம்பிவிடுவார், அவ்வளவுதான். காந்திமதி தலையாட்டிக்கொண்டு எல்லாப் பெயர்களையும் மனப்பாடம் செய்தாள். ராத்திரி சப்பாத்தி திரட்டும்போது அவை வாய்க்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"இன்னா காந்தி, ஒரு பொட்டி வாங்கறதுக்கு இம்மாம் யோசனையா?" என்றான் முனிரத்தினம்.

"பொட்டி இல்லய்யா. பொட்டிக்குள்ள கீறது."

"நீ படிச்சதுதானே."

அவன் அப்படிச் சொன்ன விதத்தில் கேலி துளியும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

நிஜமாகவே கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிற யாரையாவது கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. மேற்குத் தாம்பரத்தில் சவுரிமுத்து 'கம்ப்யூட்டர் ஜாதகம்' போட்டுக் கொடுப்பார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய் நன்மை வாங்குகிற ஆள். ஆனாலும் அந்தப் பக்கத்துக் கல்யாணப் பொருத்தம் பாதி அவர் மிஷினில்தான் பார்க்கப்பட்டது. காந்திமதி போனபோது அச்சு இயந்திரம் கிரீச் கிரீச்சென்று ஒரு நவாம்சக் கட்டத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இதுல என்ன பிராசசர் போட்டிருக்கீங்க?"

சவுரிமுத்து மிஷினை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பெட்டிமேல் ஒரு மாதா சுரூபம், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

"வித்தவன் மூணு எட்டு ஆறுன்னு சொன்னான்க்கா. வாங்குன நாள்லேந்து ஓடிக்கினுகீது. உள்ள இன்னா கீதுன்னு நான் தொறந்து பாக்கல. தொறந்தா நின்னுபூடுமோன்னு பயம்."

"புதுசா வாங்கணும்னா எது வாங்குவீங்க?"

"அத நான் உன்னத்தானே கேக்கணும்? முனிரத்தினம் சொன்னாப்ல, நீ படிச்சிருக்கன்னு. இதுக்கு வயசாவுதுக்கா. எது வாங்கலாம் சொல்லு."

அவரிடமும் சிரித்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சனிக்கிழமை முனிரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினாள். எழும்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தார்கள். நடக்க இடமில்லாமல் அட்டைப் பெட்டிகள், ஒயர்ச் சுருள்கள், கைவண்டிகள். முதல் கடையில் ஓர் இளைஞர் அவள் வாய் திறப்பதற்குள், "எம்.எம்.எக்ஸ். வேணுமா, செலரான் வேணுமா, கே சிக்ஸ் வேணுமா, சைரிக்ஸ் வேணுமா மேடம்? கேம்ஸ் ஆடுவீங்களா?" என்று கேட்டார்.

"ஸ்கூல் ஆபீசுக்கு" என்றாள்.

"அப்ப கே சிக்ஸ் டூ எடுங்க. சூப்பரா இருக்கும்."

இரண்டாவது கடைக்காரர் பென்டியம் டூதான் சூப்பர் என்றார். மூன்றாவது கடையில் நரைத்த மீசையோடு ஒருவர் இருந்தார். அவள் செலரான் என்று சொன்னதும் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"செலரான் நல்லதுதாம்மா. ஆனா கேஷ் இல்லாம மட்டும் வாங்கிடாதீங்க."

காந்திமதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்ல சார், நாங்க கடனுக்குக் கேக்கல. ஸ்கூல்லேந்து டி.டி. எடுத்துக் குடுத்துடுவாங்க."

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். "நான் அந்தக் கேஷைச் சொல்லலம்மா. பிராசசர்ல கேஷ் இருக்கும்."

"பிராசசர்ல கேஷா?"

"மெமரிம்மா. அது ஒரு விதமான மெமரி. செலரான் முன்னூறுல அது கிடையாது. முன்னூறு ஏன்னு போட்டிருந்தா இருக்கும்."

"ரெண்டும் முன்னூறுதானே சார்?"

"ரெண்டும் முன்னூறுதான். ஆனா வேற வேற."

முனிரத்தினம் நடுவில் புகுந்தான். "அப்ப சைரிக்ஸ்ல முன்னூறுன்னு அந்தக் கடையில சொன்னாரே, அது?"

"அதுல முன்னூறுன்னா முன்னூறு மாதிரி ஓடும்னு அர்த்தம். உள்ள ஓடற வேகம் வேற நம்பர்."

முனிரத்தினம் பதினெட்டாம் நம்பர் ஸ்பானர் என்றால் அது பதினெட்டாக இருக்கிற உலகத்தில் வாழ்கிறவன். அவன் காந்திமதியைப் பார்த்தான். முதல்முறையாக அவன் கண்ணில் ஒரு சந்தேகம் தெரிந்தது. அவள்மேல் இல்லை, மொத்தத் தெருவின் மேலேயே. "பேஜாரான சமாச்சாரமாகீதே" என்றான் மெதுவாக.

திங்கட்கிழமை எலியேசரின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனாள். பத்ரிநாராயணனும் இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்: "சார், எனக்கு இதெல்லாம் தெரியாது சார். படிச்சப்ப நான் கம்ப்யூட்டரைச் சரியா தொட்டது கூட இல்ல. மூணு கடை ஏறி இறங்கினேன். மூணு பேரும் மூணு சொல்றாங்க. எதுன்னு எனக்குப் புரியல."

எலியேசர் பத்ரிநாராயணன் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார். அரைகுறையா தெரிஞ்சவங்கதான் அலட்டிப்பாங்க. இவங்க எவ்வளவு அடக்கமா பேசறாங்க."

"இல்ல சார், நிஜமாவே..."

"மூணு கடை பாத்துட்டு வந்திருக்கீங்களே, அதுக்கு மேல என்னம்மா வேணும்? நீங்க எதைச் சொல்றீங்களோ அதான். வெள்ளிக்கிழமை டி.டி. எடுத்துடலாம்."

வெளியே வந்தபோது பத்ரிநாராயணன் கூடவே வந்தார். வராந்தாவில் நின்று, குரலைத் தாழ்த்தி, "மேடம், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நானும் ஒண்ணையும் கண்ணால பாத்ததில்ல. பத்திரிகையில படம் பாத்ததோட சரி" என்றார். அவளுக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்த பிறகும் வெள்ளிக்கிழமை அங்கேயேதான் இருந்தது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு அவள் தனியாக மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனாள். இந்தத் தடவை கையில் எட்டாம் வகுப்பு அரையாண்டு மார்க் லிஸ்ட் இருந்தது. கடையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் அதைத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். முதல் கடையில் சிரித்தார்கள், ஆனால் நாற்காலி கொடுத்தார்கள். ஒரு விரலால் ஒவ்வொரு பெயராகத் தட்டினாள். பிறகு இன்னொரு கடையில் இன்னொரு மிஷினில் அதையே தட்டினாள். எழுத்து அங்கேயும் உடனே வந்தது, இங்கேயும் உடனே வந்தது. வேகமெல்லாம் அவள் விரலில்தான் குறைவாக இருந்தது. எது உசத்தி என்று கண்டுபிடிக்க வந்தவளுக்கு, வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே குழப்பமாகிவிட்டது.

கடைகளை விட்டு வெளியே வந்து ஒரு கரும்பு ஜூஸ் வண்டியருகே நின்று யோசித்தாள். ஒவ்வொருவரும் தான் விற்கிறதைச் சூப்பர் என்றார்கள், அடுத்தவன் விற்கிறதை மட்டம் என்றார்கள். ஒன்றை மட்டும் யாரும் சூப்பர் என்று சொல்லவில்லை, மட்டம் என்றும் சொல்லவில்லை. செலரான் முன்னூறு ஏ. அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் கொஞ்சம் சலிப்போடு, "அது போதும் மேடம், ஆபீஸ் வேலைக்கு அது போதும்" என்றார்கள். எலியேசர் கேட்டதும் போதுமானதைத்தானே? காரணம் சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. கையில் இருந்தது அந்த ஒரு காரணம்தான். நரைத்த மீசைக்காரர் கடையில் அந்த மாடல் கைவசம் இல்லை. பக்கத்தில் இன்னொரு கடையில் ஆர்டர் கொடுத்தாள். பில்லில் 'ஏ' எழுத்தைப் போட மறந்திருந்தார்கள். அதை எழுத வைத்து வாங்கினாள்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் மாருதி வேனில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. எலியேசர் அதை ஒரு விழாவாகவே ஏற்பாடு செய்திருந்தார். ஆபீஸ் அறையில் புது மேஜை, மேஜைக்குப் புதுத் துணி, ஜெபம் செய்யப் பாஸ்டர், தட்டில் லட்டு. டீச்சர்கள் சுவரோரம் நின்றார்கள். கடையிலிருந்து வந்த டெக்னீஷியன் ஒயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கிடுகிடுவென்று வந்தன.

எல்லோரும் கைதட்டினார்கள். காந்திமதி மட்டும் முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் செலரான் என்று இல்லை. எம் டூ, முன்னூறு என்று இருந்தது.

ஒருவேளை செலரானுக்கே உள்ளே அப்படித்தான் பெயரோ? வீட்டில் ஒரு பெயர், பள்ளி ரிஜிஸ்டரில் ஒரு பெயர் என்று பிள்ளைகளுக்கு இருப்பதில்லையா? கேட்டால் இத்தனை பேருக்கு முன்னால் அசடாகிவிடுவோமோ? கேட்காவிட்டால்? அந்த எழுத்துகள் அதற்குள் மறைந்து வேறு திரை வந்துவிட்டது.

"தம்பி, ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்றாள்.

அவர் போட்டார். அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். "இது என்ன?"

"சைரிக்ஸ் மேடம். இதுவும் முன்னூறுதான்."

"நாங்க கேட்டது செலரான் முன்னூறு ஏ."

"ஸ்டாக் இல்லேன்னு இதைப் போட்டு அனுப்பிட்டாங்க. இது அதவிட பெட்டர் மேடம்."

எலியேசர் லட்டுத் தட்டோடு நின்றார். பாஸ்டர் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்ரிநாராயணன் தொண்டையைச் செருமினார். "பெட்டராக்கூட இருக்கலாம் மேடம். ஒரு பத்திரிகையில..."

"இருக்கலாம் சார்" என்றாள் காந்திமதி. "எது பெட்டர்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கே சொன்னேன், எனக்குத் தெரியாதுன்னு. ஆனா இது நாம எழுதிக் குடுத்தது இல்ல. நாம கேட்டதைத் தராம, கேக்காததைத் தந்துட்டு, அதுவும் அவங்களே பெட்டர்னு சொன்னா எப்படி? வேணும்னா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல."

டெக்னீஷியன் கடைக்குப் போன் போட்டார். போனில் ஒருவர் அவளிடம் விளக்க ஆரம்பித்தார். விளக்கத்தில் பாதி அவளுக்குப் புரியவில்லை. "நீங்க சொல்றது எனக்குப் புரியல சார். பில்லுல என்ன எழுதியிருக்கோ அது வரட்டும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கடைசியில் அவர்கள் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். வந்ததுதான் வந்தாயிற்று, ஜெபத்துக்கு வந்த பாஸ்டரை வெறுமனே அனுப்ப வேண்டாம் என்று எலியேசர் ஜெபத்தை நடத்திவிட்டார். திரும்பிப் போகப் போகிற கம்ப்யூட்டருக்கு எல்லோரும் கண்மூடி ஆமென் சொன்னார்கள். டெக்னீஷியனுக்கும் லட்டு கிடைத்தது.

அடுத்த வாரம் வந்ததில் முதல் வரியில் செலரான் என்று இருந்தது. 'ஏ' இருக்கிறதா என்று தேடினாள். திரையில் அது தெரியவில்லை. டெக்னீஷியன் மூடியைத் திறந்து, உள்ளே செங்குத்தாக நிறுத்தியிருந்த பிராசசர் பலகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் காட்டினார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அந்த மார்ச்சில் முழுப் பரீட்சை மார்க் லிஸ்ட்டெல்லாம் கம்ப்யூட்டரில் வந்தன. முதலில் ஒரு வகுப்பு முழுவதையும் சேமிக்காமல் அணைத்துவிட்டு, மேஜையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பிறகு அது பழகியது. அவள் தட்டியதை அது காட்டியது, கூட்டச் சொன்னால் கூட்டியது. சைரிக்ஸ் இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருக்குமா, பென்டியம் டூ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை இடையிடையே வரும். தெரிந்துகொள்ள வழி இல்லை. அந்த மார்ச் முழுக்க அவளால் கையாலேயே சாதம் பிசைந்து சாப்பிட முடிந்தது.

அதன் பிறகு அவள் பேர் இன்னும் பரவிவிட்டது. கடையோடு சண்டை போட்டு பிராசசரையே மாற்ற வைத்தவள் என்று டீச்சர்கள் வெளியே சொன்னார்கள். முடிச்சூரிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் ஆட்கள், பையனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், எது வாங்கலாம் என்று கேட்டு வந்தார்கள். எனக்குத் தெரியாதுங்க என்று உண்மையைத்தான் சொல்வாள். யாரும் நம்பவில்லை. சொல்ல விருப்பமில்லை போல என்று சிலர் வருத்தத்தோடு போனார்கள். கடைசியில், "பில்லுல பேரு முழுசா எழுதி வாங்குங்க, போட்டதும் முதல் வரியப் படிங்க" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தாள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம்.

டிசம்பரில் எலியேசர் மறுபடி கூப்பிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து பிள்ளைகளுக்கே கம்ப்யூட்டர் வகுப்பு வைக்கப் போகிறார். "அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வந்துடுங்கம்மா. இப்போ உங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அன்று முனிரத்தினம் கூட வருகிறேன் என்றதற்கு, "ஒரே பேருதானே, நானே போய் வந்துடறேன்" என்று கிளம்பினாள். நரைத்த மீசைக்காரர் கடைக்கு நேராகப் போய், தெளிவாகச் சொன்னாள்: "செலரான் முன்னூறு ஏ ஒண்ணு வேணும் சார்."

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "அது இப்போ வர்றதில்லியேம்மா. வந்து நாளாச்சு. இப்போ நானூறு, நானூத்தி முப்பத்திமூணு, நானூத்தி அறுபத்தாறு இருக்கு. பலகை மாதிரி வராது, பிஸ்கட் மாதிரி சின்னதா வரும். அதுக்கு போர்டும் வேற. கே செவன்னு ஒண்ணும் வந்திருக்கு. பென்டியம் த்ரீ பாக்கறீங்களா?"

காந்திமதி கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றின் பெயரும் அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் கைவண்டிக்காரர் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். அவள் கடைக்குள் ஏறி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. மொதல்லேந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் இரண்டு டீக்குச் சொல்லியனுப்பினார்.